படிகத்தைத் திருப்பிய நெலிடா

நெலிடா ஓயார்சோ எஸ்கேல் என்ற சிறு ஊரில் பேருந்து ஓட்டியவரின் மகள். இயற்பியல் படிக்கப் பாரிலோச்சே நகரத்துக்கு வந்தவள், அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெற்றிடக் கலத்துக்குள் இரும்பையும் கோபால்ட்டையும் சேர்த்து, சில பத்து அணு அடுக்கே தடிமனுள்ள காந்தப் படலங்களை வளர்ப்பது அவள் வேலை.

அந்தப் படலத்தில் அணுக்கள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டு ஒரே படிகமாக இருக்கும். ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் சுழற்சியால் ஒரு சின்னக் காந்தம். எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும்போது நுண்ணலையால் சீண்டினால், பம்பரம்போலத் தள்ளாடி அடங்கும். காந்தங்கள் கட்டத்தின் பக்கவாட்டில் பார்த்து நின்றால் அந்தத் தள்ளாட்டம் சட்டென அடங்கியது. மூலைவாட்டில் பார்த்து நின்றால் இழுத்துக்கொண்டே போனது. ஒரே படலம், இரண்டு குணம்.

குழுத் தலைவர் ஒராசியோ எச்செபாரே மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தார்.

“படலம் அழுக்கு, நெலிடா. ரெண்டையும் சேர்த்து சராசரி போட்டுடு.”

“அழுக்குக்குத் திசை தெரியுமா?”

“உன் படலமாச்சே, பிடிவாதம் இருக்கத்தானே செய்யும்.”

அவள் எழுந்துபோய், கருவியைத் தொடாமல் படிகத்தை மட்டும் அரைச் செங்கோணம் திருப்பி வைத்து மறுபடி அளந்தாள். கோளாறு கருவியில் என்றால் வித்தியாசம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அது படிகத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தது. புதிதாக வளர்த்த படலத்திலும் அப்படியேதான்.

“வெளியே சொன்னா சிரிப்பாங்க,” என்றார் எச்செபாரே. சராசரிதான் அச்சேறியது. கட்டுரையில் அவள் பெயரும் இருந்தது. அந்தச் சராசரியை அதில் எழுதித் தந்ததும் அவள் கைதான்.

மறு வருடம் கோர்தோபாவில் மாநாடு. ஜப்பானியர் குழு ஒன்று அதே வித்தியாசத்தைக் காட்ட, அரங்கம் கைதட்டியது. எச்செபாரே எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். “எங்க கூடத்துல இதை முன்னாடியே பார்த்தோம். எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு.”

பின்வரிசையிலிருந்து நெலிடா எழுந்தாள்.

“பார்த்தது நான். அழுக்குன்னு சொன்னது நீ. நாம அச்சுல போட்ட எண் தப்பு, ஒராசியோ. அதை நான் திருத்தப் போறேன்.”

இடைவேளையில் அவர் அவளை மறித்தார். “அத்தனை பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டியே.”

“நான் சொன்னதுல எது பொய், சொல்லு.”

அவர் காப்பிக் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

திருத்தம் அச்சில் வந்தது. அதன்பின் குளிர்காலம் முழுக்க வெற்றிடக் கலத்தில் அவளுக்கு முறையே வரவில்லை. கேட்டால், பழுதுபார்க்கிறோம் என்றார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் அதிலேயே படலம் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கெஞ்சவில்லை. ரொசாரியோவில் பழைய கலம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தோழி கிரிசெல்டாவிடம் போய்ச் சேர்ந்தாள்.

“பேரு ஜப்பான்காரங்களுக்குப் போயிடுச்சு. இன்னும் எதுக்கு இவ்வளவு கோபம்?” என்று கிரிசெல்டா ஒருநாள் கேட்டாள்.

“பேரு போகட்டும். கண்ணால பார்த்ததை இல்லைன்னு என் கையாலேயே எழுத வெச்சான். அதைத்தான் பொறுக்க முடியல,” என்றாள் நெலிடா, கலத்தின் திருகாணியை இறுக்கிக்கொண்டே.