எலீசியோ பர்ராகானின் பெருமூச்சு

பொயெதோ வட்டாரத்தில் எலீசியோ பர்ராகான் டிராமுக்குக் காத்திருந்ததாகச் சரித்திரம் இல்லை. நிறுத்தத்தில் நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். வழியில் டிராம் அவரைக் கடந்து போய்விடும். அறிமுகமான வாரத்திலேயே தெல்மீராவுக்குத் தாலிக்கு ஈடான மோதிரத்தைப் போட்டதும் காதலால் அல்ல, அவசரத்தால்தான் என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு.

அப்பேர்ப்பட்டவரை விதி, தோன் அமேரிகோவின் தாங்கோ நடன வாத்தியக் குழுவில், முழங்காலில் வைத்து இழுக்கும் துருத்திப் பெட்டியான பந்தோனியோனோடு உட்கார வைத்திருந்தது.

குழுவைப் பியானோவிலிருந்தே நடத்தும் தோன் அமேரிகோவுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஞானம் பிறந்தது. ஊரே அறிந்த பழைய தாங்கோ ஒன்று. பாட்டுக் கிடையாது, வாத்தியம் மட்டும். அது வாசலில் ஒருத்திக்காகக் காத்து நிற்பவனின் மனநிலை என்று கண்டுபிடித்தார். ஆகவே எந்தத் தாங்கோவையும் முடித்துவைக்கும் அந்த இரண்டு தட்டு, 'சான்-சான்', அதற்கு முன்னால் ஒரு நீண்ட மௌனம் வேண்டும் என்றார். ஒத்திகையில் அந்த மௌனத்தில் எலீசியோவின் நாற்காலி கிறீச்சிட்டது, கால் ஆடியது, ஒருமுறை சான்-சானைத் தனியாகவே வாசித்துவிட்டார். சனிக்கிழமை நடனத்தில் அசைந்தால் நாற்காலி வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார் தோன் அமேரிகோ.

சனிக்கிழமை மௌனம் வந்தது. கிளப்பில் ஜோடிகள் நின்ற நிலையில் நின்றன. எலீசியோ பல்லைக் கடித்தார், காலைப் பின்னிக்கொண்டார். கட்டை விரலை மறந்துவிட்டார். அது காற்றுப் பொத்தானை அமுக்க, விரிந்திருந்த துருத்தி சுரமே இல்லாமல் நீளமாக மூச்சு விட்டது.

மண்டபம் உருகிப்போனது. காத்திருப்பவனின் பெருமூச்சல்லவா அது! சான்-சானுக்குக்கூடக் காத்திராமல் கைதட்டினார்கள். தோன் அமேரிகோ எழுந்து, தாமே யோசித்துவைத்தது போலத் தலை வணங்கினார். பிறகு உள்ளறையில்:

"யாருய்யா உன்னை மூச்சு விடச் சொன்னது?"

"தானா வந்திடுச்சு, மாஸ்டர்."

"இனிமே வாராவாரம் வரணும். அதே இடத்துல. வரலைன்னா நாற்காலி கிடையாது."

அந்த வாரம் முழுக்க எலீசியோ வீட்டில் பெருமூச்சுப் பயிற்சி செய்தார். ஒன்று சோகமாக வந்தது, ஒன்று சைக்கிள் டயர் போல.

"குண்டா, அடுப்பை ஊதவாவது வா," என்றாள் தெல்மீரா. "வீணாப் போற காத்துதானே."

மறு சனிக்கிழமை மௌனம் வந்தது. ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எலீசியோவின் கட்டை விரல், வாழ்நாளில் முதல்முறையாக, அசைய மறுத்தது. கல்லாய் உட்கார்ந்திருந்தார். மௌனம் நீண்டது. ஒரு கிழவர் தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தள்ளாடினார். தோன் அமேரிகோ முறைத்தார், புருவத்தால் கெஞ்சினார், வியர்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே பியானோவின்மேல் கவிழ்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

கிளப்பின் கூரை அதிர்ந்தது. பந்தோனியோனின் மூச்சு போன வாரத்தைவிட உருக்கம் என்றார்கள்.

எலீசியோவின் நாற்காலிக்கு ஆபத்து நீங்கிவிட்டது. அவரை வெளியே அனுப்பினால், மூச்சு விட்டது யார் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்குமே.