தாம்பூலப் பையில் ஒரு சிடி

சித்தப்பாவின் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு சிடியும் கிடைத்தது. இப்படி ஒரு கூத்து எங்கள் சொந்தபந்தத்தில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

சித்தப்பாவுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மீதி நேரமெல்லாம் கம்ப்யூட்டர்தான். கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று பால்காரர் வரைக்கும் பிடித்துவைத்துச் சொல்வார். நிச்சயத்துக்கு முந்தைய வாரம் முழுக்க, கம்ப்யூட்டரையே இயக்குகிற அப்படியொரு மென்பொருளை ஒவ்வொரு சிடியாகப் பதிந்துகொண்டிருந்தார். தட்டு உள்ளே போகும், பெட்டி உறுமும், உள்ளே போன மாதிரியே தட்டு வெளியே வரும். இதில் என்னதான் ஏறியது என்று நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு விளங்கவேயில்லை. தாம்பூலத்தோடு எதையும் வெறுமனே வைக்கக் கூடாதென்று அம்மா ஒவ்வொரு காகித உறைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

வாங்கிப் போனவர்கள் அதைப் பாட்டு சிடி என்றே நினைத்தார்கள். பெரியம்மா டிவிடி பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு, "உன் கொழுந்தன் வெறும் சிடிய குடுத்திருக்காருடி" என்று அம்மாவிடம் குறைப்பட்டாள். பக்கத்து வீட்டில் வற்றலுக்குக் காக்கா வராமலிருக்க அதை மாடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். காசு வாங்காமல் கொடுத்தால் ஏன் யாரும் மதிப்பதில்லை என்பதும் எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

மதித்துக் கம்ப்யூட்டரில் போட்டவர் ஒரே ஒருவர், பெண்ணின் அப்பா. மாப்பிள்ளை கொடுத்ததை மூலையில் போடலாமா என்கிற மரியாதை. முத்தியால்பேட்டை வீட்டில் அவரும் அவர் மகளும் மட்டும்தான். மனைவி சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். பெரியவர் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதர். எந்த மொழி வேண்டும் என்று அந்த சிடி முதலில் கேட்டிருக்கிறது. அங்கே பிரெஞ்சைப் பார்த்ததும் மனிதருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அது கேட்டதற்கெல்லாம் 'வுய், வுய்' என்று சம்மதம் சொல்லித் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பழையது எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கும் வுய்.

இறந்துபோன மனைவியின் படங்கள் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

சேதி வந்ததும் அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். "நல்ல காரியத்துல போயி இத்த எவனாவது வெப்பானாடா? கல்யாணம் நிக்கப்போவுது பாரு." சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் சிடிகளையும் ஒரு ஹார்டு டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு முத்தியால்பேட்டைக்குக் கிளம்பினார். கூடவே என்னையும் இழுத்துக்கொண்டார். பிள்ளை எதிரில் ரொம்பத் திட்டமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அங்கே யாரும் திட்டவில்லை. "உங்க மேல தப்பில்ல மாப்ள. நாந்தான் எதயும் படிக்காம தட்டிட்டேன்" என்று பெரியவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண்ணான அந்த அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா படம் வருமா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தாலே வீடு இரண்டாகும். இவர்கள் என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா வேறொரு சிடியைப் போட்டார். அதுவும் காசில்லாத மென்பொருள்தானாம், அழிந்ததைத் தோண்டி எடுக்குமாம். "அழிச்சா உடனே போயிடாது. அது மேல வேற எதுனா எழுதற வரைக்கும் உள்ளயே கெடக்கும்" என்று எனக்கு விளக்கினார். உள்ளேயே கிடக்கிறது என்றால் அது எப்படி அழிந்ததாகும்? கேட்டால் இன்னும் விளக்குவாரே என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் படங்கள் வர ஆரம்பித்தன. சிலது பாதிக்குக் கீழே சாம்பல் பூத்திருந்தது, மற்றதெல்லாம் முழுசு. பீச்சில் அந்த அம்மா தலைமுடி பறக்க நிற்கிறார், யார் கல்யாணத்திலோ பூ கட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் பெரியவர் ஊரும் பேரும் சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அப்போது, மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாகக் கட்டிலில் சாய்ந்து சிரிக்கிற ஒரு படம் வந்தது.

"இந்தத் தாத்தா யாரு?" என்று கேட்டேன்.

பெரியவர் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தார். "இது எப்பிடி வந்துது? இது முன்னாடியே போயிடுச்சே."

"முன்ன அழிச்சதும் சேந்துதான் வரும் மாமா" என்றார் சித்தப்பா.

"ஆஸ்பத்திரில அவள கடைசியா எடுத்தது. நாந்தான் கை தவறி அழிச்சிட்டேன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்."

வாசற்படி பக்கம் நின்றிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார். "நாந்தாம்பா அழிச்சேன். நீ சோறு தண்ணி இல்லாம அத்தயே பாத்துக்கினு ஒக்காந்திருந்த. எனுக்குத் தாங்கல."

இப்போது நிச்சயம் அடி விழும் என்று நான் சித்தப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அடி விழவில்லை. பெரியவர் அழுதார், அக்காவும் அழுதார். எல்லாம் போனபோது அழாதவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு அழுகிறார்களே என்று எனக்குத் தலை சுற்றியது. சித்தப்பா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, நாமாவது உதவி செய்வோம் என்று, "இந்தப் படம் வேணாம்னா மறுபடி அழிச்சிடலாம், சித்தப்பாவுக்குத் தெரியும்" என்றேன்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்த மட்டும் தனியா ரெண்டு சிடில போடுங்க மாப்ள. ஒண்ணு எனுக்கு. ஒண்ணு அவ உங்க வூட்டுக்கு எடுத்துக்கினு வரட்டும்."

பார்க்கப் பிடிக்காமல் அழித்தவர் கையிலேயே அதைக் கொடுத்து, காலமெல்லாம் வைத்துக்கொள் என்பது பெரிய தண்டனையாக எனக்குப் பட்டது. அதை வாங்கிக்கொண்டு அக்கா ஏன் அப்பாவின் தோளில் அப்படிச் சாய்ந்துகொண்டார் என்றுதான் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பாவிடம் ரகசியமாக ஒரு யோசனை சொன்னேன். கல்யாணம் முடிந்து அவர் நம் வீட்டுக்கு வந்ததும் அந்த சிடியை எங்கேயாவது ஒளித்துவைத்துவிடலாம், பாவம் அந்த அக்கா.