வண்டியைச் சுற்றிக் கட்டிய பனி

விறகு இழுக்கிற சறுக்குப் பலகையில் கணவன் வைனோவை உட்காரவைத்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு இழுத்தாள் ஐலி. வீட்டுக் கதவிலிருந்து வண்டிவீடு நாற்பது அடி. நடுவில் முழங்கால் ஆழப் பனி. அவன் மடியில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான்.

"மெதுவாப் போ. ஸ்கூல் பஸ்ஸைக்கூட நீ இவ்வளவு வேகமா ஓட்டினதில்ல."

"பேசாத. மூச்சை வீணாக்காத."

கரண்ட் போனது முந்தின நாள் காலை. ஏரியிலிருந்து வந்த ஈரப்பனி மரங்களில் ஏறியது. மரங்கள் கம்பிகளின் மேலும் சாலையின் குறுக்கேயும் சாய்ந்தன. பாதை திறந்தால்தான் வர முடியும், நாளைக்கு ஆகலாம் என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். வைனோவின் நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. கரண்டில் ஓடும் ஒரு பெட்டிதான் அவன் மூக்குக் குழாய்க்கு ஆக்ஸிஜனை அனுப்பும். அது நின்றால் சிலிண்டர். ஐந்து சிலிண்டரில் நாலு தீர்ந்து ஐந்தாவதில் பாதிதான் இருந்தது. இரண்டரை மணி நேரம் வரும். வீட்டில் விறகடுப்பு இல்லை. ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் நெருப்பு கூடாதென்று நர்ஸ் சொன்னதால் கழற்றிவிட்டார்கள். காலையில் சமையலறைப் பாத்திரத்தில் தண்ணீர் உறைந்துகிடந்தது.

மிச்சம் வண்டிவீடுதான். இருபத்தேழு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வருஷம் ஐலி வாங்கியது. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே, முப்பதடி நீளம். எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுவாள். சுரங்கத்தில் வேலை பார்த்த வைனோ பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பவேண்டிய இடம் போன பிறகு வழி சொல்வான். அவனுக்கு மூச்சு குறைந்த பின் வண்டி கொட்டகையோரம் நின்றுவிட்டது. ஆனால் அதன் வயிற்றில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது.

மூன்றாம் முறை பித்தானை அழுத்தியபோது ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. முன்பே கொண்டுவந்து வைத்திருந்த ஆக்ஸிஜன் பெட்டி முனக ஆரம்பித்தது. சின்ன ஹீட்டரின் கம்பி சிவந்தது. அப்புறம்தான் அவள் கையுறையைக் கழற்றினாள்.

தரைக்கு அடியில் காற்று புகுந்து காலைக் கடித்தது. பதினோரு மணிக்கு, பனி தள்ளும் டிராக்டரில் பக்கத்துப் பண்ணை டேல் வந்தான். ஒரு காலத்தில் பஸ்ஸில் இன்னொரு பையன்மேல் பூட்ஸை வீசியதற்காக, ஒரு வருஷம் முழுக்க ஐலிக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரவைக்கப்பட்டவன்.

"டிரைவரம்மா, உயிரோட இருக்கீங்களா?"

"உன்னைப் பாக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். டேல், கீழ காத்து வருது. சுத்திப் பனியை அணைச்சுக் குடு."

"வண்டிக்குப் பாவாடை கட்டச் சொல்றீங்க."

"கட்டு. கணுக்கால் தெரியாமக் கட்டு."

அந்தப் பக்கத்தில் அதைச் செய்யாத வீடு கிடையாது. ஐலியின் அப்பாவும் பனி விழத் தொடங்கியதும் அதை அள்ளி, வீட்டின் அடிச்சுவரைச் சுற்றி ஜன்னல் உயரத்துக்குக் குவிப்பார். பனியைவிடக் கனமான போர்வை இல்லை. டேல் டிராக்டரால் தள்ளி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினான். கதவு ஒன்றைத்தான் விட்டான். நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஜெனரேட்டரின் புகைக்குழாய் மறுபக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது; இப்போது பனிக்கு அடியில். இருபத்தேழு வருஷம் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து புகைக்குழாயைப் பார்க்காமல் ஐலி பஸ்ஸைக் கிளப்பியதில்லை. இன்று அவள் சுற்றவில்லை. இது வண்டி என்பதே அவளுக்கு மறந்துவிட்டது, வீடாகத்தான் நினைத்தாள். விஷவாயு வந்தால் கத்துகிற பெட்டியின் ஒயரையும் அக்டோபரிலேயே பிடுங்கிவிட்டிருந்தாள். பேட்டரி இறங்கினால் குளிர்காலம் முழுக்க அது நிமிஷத்துக்கு ஒருமுறை கீச்சிடும்.

தரை சூடாகியது. சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வைனோவின் விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கவ்வியை மாட்டி எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றுமூன்று. ஜெனரேட்டர் கொஞ்சம் இருமினாலும் எழுந்து நின்றாள்.

ஒரு மணிக்குத் தலை கனத்தது. ராத்திரி தூங்காததுதான் என்று நினைத்தாள். குமட்டியது. கவ்வியைத் தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

"யாரு கேட்டா?" என்றான் வைனோ.

அப்புறம் எழுந்து பின்பக்கம் நடந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்தும் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். தூங்கிப்போன குழந்தை உள்ளே அடைபட்டுவிடக் கூடாது.

"ஐலி, யாரைத் தேடுற?"

"அந்தச் சின்னவ. சிவப்புத் தொப்பி. ஏறினா, இறங்கவே இல்ல."

"இங்க நாம ரெண்டு பேருதான்."

"எண்ணிக்கை குறையுது, வைனோ. வெளிய பனி. அவ எங்க போனா?" மறுபடி அலமாரியைத் திறந்தாள். நிஜமாகவே பயந்திருந்தாள்.

வைனோ அவளையே பார்த்தான். பிறகு, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிற மனுஷன், மூக்குக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தான். கதவோரம் போய் ஜெனரேட்டரை அணைத்தான்.

சத்தம் நின்றது. பெட்டியின் முனகலும் நின்றது. ஐலி பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"கிழவா, செத்துடுவ. போடு அதை."

"காத்து... கெட்டுருக்கு. சுரங்கத்துல... பாத்திருக்கேன்." கதவைத் தள்ளித் திறந்தான்.

குளிர் உள்ளே வந்து விழுந்தது. அவள் மூடப் பார்த்தாள். படியில் சரிந்து, பனியில் வாந்தியெடுத்தாள். மூக்கில் ஏதோ நுழைந்தது. சிலிண்டரின் குழாய்.

"இது உனக்கு," என்றாள்.

அவனுக்குப் பேச மூச்சில்லை. குழாயைக் கழற்ற நினைத்தாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவன் தவழ்ந்து ஓட்டுநர் சீட்டுக்குப் போவது காதில் விழுந்தது. ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் அவள் எண்ணினாள். முதலில் ஐந்து. பிறகு பத்து. பிறகு இருபது. முப்பதைத் தாண்டியபோது எண்ணுவதை நிறுத்த முடியாமல் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

நாற்பத்தொன்றில் டிராக்டர் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாதை திறந்தது. ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டது. அதுவரை டேல் புகைக்குழாய்ப் பக்கப் பனியை வெட்டி எறிந்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தான். விஷவாயு ஐலியின் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, வைனோவின் ரத்தத்தில் அநேகமாக இல்லை. அவன் மூக்கில் ஓடிய ஆக்ஸிஜன் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். விரல் கவ்விக்கு இந்த வாயுவைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்றும் சொன்னார். இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில்கள் கொடுத்தார்கள். மத்தியானம் உருளைக்கிழங்கும் மீனும் வந்தன. வைனோ சாப்பிட்டான், ஐலி சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு டேலுக்கு போன் செய்து, அந்த விஷவாயுப் பெட்டியின் ஒயரை மாட்டச் சொன்னாள். மாட்டினால் கீச்சிடுமே என்றான் அவன். கீச்சிடட்டும் என்றாள். நாலரைக்கு வீட்டில் கரண்ட் வந்தது.