நனைந்த நோட்டில் சிவப்பு மை

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது பட்டப்பகலில். நடந்தது எனக்கு.

என் பெயர் மெரெயோனி. சொந்த ஊர் ஃபிஜி. பசிபிக் கடலில் இருக்கும் கிரிபட்டி நாட்டின் கடைக்கோடித் தீவு ஒன்றில், பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போய் அது நான்காவது வருடம். ஏழு வாரமாகக் கப்பல் வரவில்லை. அரிசி இல்லை, சாக்பீஸ் இல்லை, சிவப்புப் பேனா இல்லை. பென்சிலால்தான் நோட்டு திருத்தினேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பின் மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள். கேள்வி கேட்டால் முப்பத்தொரு தலையும் குனியும். ஒருநாள் கத்தியே விட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது:

"டீச்சர், எப்ப ஊருக்குப் போவீங்க?"

வகுப்பே சிரித்தது.

ஆனாலும் தினமும் காலையில் என் வாசலில் சுட்ட சீமைப்பலா இருக்கும். அகினேதி என்ற மாணவி வைத்துவிட்டுப் போவாள். சரி, இன்னும் ஒரு வாரம் இருப்போம் என்று தோன்றும்.

அன்று வியாழக்கிழமை. கடைசிப் பாடவேளையில் சொல்வதெழுதல். ஐந்து வாக்கியங்கள். அன்று காலையில் நானே யோசித்தவை. 2.30க்கு மணி அடித்தது. பிள்ளைகள் நோட்டுகளை என் மேசைமேல் அடுக்கிவிட்டுப் போனார்கள். 2.34க்கு வாளியோடு கிணற்றுக்குப் போனேன். 2.41க்குத் திரும்பினேன்.

மேசைமேல் நோட்டுகள் திறந்து கிடந்தன. எல்லாம் திருத்தியிருந்தது.

சிவப்பு மையில்.

பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்... சரியாக எழுதிய சொற்களையும் காகிதம் கிழிய அடித்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். மை ஈரமாக இருந்தது.

"யாருடா அது? வெளிய வா!"

நோட்டுகளை எண்ணினேன்.

முப்பத்திரண்டு.

கடைசி நோட்டில் பெயர் இல்லை. அட்டை ஊறி உப்பியிருந்தது. கடல்நீர் வாடை. உள்ளே என் ஐந்து வாக்கியங்கள், சின்னப் பிள்ளையின் கையெழுத்தில். அதன் கீழே... என் கண்ணெதிரே... ஒவ்வொரு எழுத்தாக... சிவப்பு மை ஊறி வந்தது.

மறுபடி எழுது.

சர்ர்ர்...

பின்னால் பெஞ்ச் நகர்ந்தது. திரும்ப முடியவில்லை.

கழுத்தில் மூச்சு.

பிறகு...

"டீச்சர்! போதும்! எழுந்திரிங்க!"

அகினேதி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மணி 4.05. கையில் பென்சில். கை நிற்காமல் எழுதிக்கொண்டிருந்தது. பதினோரு பக்கம் நிரம்பியிருந்தது. அத்தனையும் என் கையெழுத்து.

"விடுங்க டீச்சர்! விட்டுடுங்க!"

பென்சிலைப் பல்லால் கடித்துப் பிடுங்கினாள். என்னை வெளியே இழுத்துப் போட்டாள். மணலில் விழுந்து வாந்தி எடுத்தேன்.

அடுத்த வாரம் முதல் தாழைமரத்தடியில் பாடம் நடத்தினேன். முதல் நாளே பதினேழு கைகள் உயர்ந்தன.

கூட வேலை பார்த்த ரோதியாவிடம் அன்று மாலை அந்த அறையைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னாள்.

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு வாத்தியார் இருந்தார். தப்பா எழுதின பிள்ளையை, சரியா எழுதுற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டார். ஒருநாள் சாயங்காலம் பெரிய அலை வந்துச்சு. அவர் ஓடிட்டார். அந்த மாசமே ஊருக்கும் போயிட்டார். அவர் அங்க செத்துட்டார்னு சேதி வந்ததுலேர்ந்து... இங்க நோட்டு திருத்துது. அதான் அந்த ரூம்ல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவரும் ஃபிஜிதான். நீங்க யார் பக்கம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு உள்ள யாராவது இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு. ஒன்பது வயசு. தண்ணி வடிஞ்சதும் போய்ப் பார்த்தோம். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"பூட்டிட்டுப் போயிட்டாரா?"

ரோதியா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்ல. கதவு திறந்துதான் இருந்துச்சு."