பார்படோஸ் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்

கப்பலில் போய்வந்ததிலிருந்து எனக்கு ஒரு புது உத்தியோகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மெல்போர்னில் எங்கள் டார்னெய்ட் பக்கம் எந்தத் தம்பதி கரீபியன் கப்பலுக்கு டிக்கெட் போட்டாலும் யாராவது என் பக்கம் கை காட்டிவிடுகிறார்கள். போன மாதம் த பேசின் என்கிற புறநகரில் உள்ள பிள்ளையார் கோயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு இளம் ஜோடி வந்து பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வருஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண்தான் யாழ்ப்பாணத் தமிழில் பேசினாள். "அன்ரி, நீங்கள் கரீபியன் கப்பல்ல போய் வந்தனீங்களாம். நாங்களும் போகப்போறம். என்ன கொண்டு போகவேணும்?"

நானும் சொன்னேன். கப்பல் புறப்படுகிற அன்றைக்கே மயாமியில் போய் இறங்காதீர்கள், ஒரு நாள் முந்திப் போய்விடுங்கள். மெல்போர்னிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆள் பாதியாகிவிடுவோம். பெரிய பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகும், அதனால் மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்கட்டும். தலைசுற்றல் வரும் என்று தெரிந்தால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். கரையில் இறங்கினால் கப்பல் மணி என்னவோ அதைத்தான் பார்க்க வேண்டும், உங்கள் போன் காட்டுகிற மணியை அல்ல. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் கணவன் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் செருப்பு கிடைத்தது, வந்துவிட்டேன்.

சொல்லாதது நிறைய. அதையெல்லாம் கோயில் வாசலில் நின்று சொல்ல முடியாது. எனக்கு அலுப்பாகவும் இருந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் அலுப்புதான்.

என் வேலையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, அவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்று நைட் ஷிப்ட் எடுத்தேன். இவருக்கு ஊருக்குள் கம்ப்யூட்டர் வேலை, பகலில். காலையில் நான் கார் நிறுத்த வரும் நேரம்தான் இவர் ஸ்டேஷனுக்குக் காரைப் பின்னால் எடுக்கும் நேரம். இரண்டு காரும் எங்கள் வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இவர் கண்ணாடியை இறக்குவார், நான் இறக்குவேன். "சின்னவனுக்கு இருமல்." "குழம்பு கீழ்த்தட்டுல இருக்கு." "இன்னிக்கு டிரெயின் கிடையாது, பஸ்ஸாம்." அவ்வளவுதான். வேலையில் ஒரு நர்ஸ் போய் இன்னொரு நர்ஸ் வரும்போது நோயாளியை ஒப்படைப்போமே, அதே மாதிரி நாங்கள் வீட்டை ஒப்படைத்துக்கொண்டோம்.

பகலில் தூங்க வேண்டும் என்பதால் பின்னறையில் கறுப்புத் திரை போட்டு என் படுக்கை. இவர் முன்னறையில். சண்டை போட்டுப் பிரிந்தால்கூட என்றைக்காவது சமாதானம் ஆகலாம். நாங்கள் சண்டையே போடவில்லை. லீவு நாளிலும் எனக்கு இரவில் தூக்கம் வராது, எழுந்து துணி மடிப்பேன். பிள்ளைகள் பெரியவர்களாகி ஒருத்தி சிட்னிக்கும் ஒருத்தன் பெர்த்துக்கும் போன பிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முழங்கால் இனி முடியாது என்று சொன்ன பிறகு வேலையை விட்டேன். மகள் சந்தோஷப்பட்டாள். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு கப்பல் பயணம் எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதும் இவர் யோசிக்கவே இல்லை. "பார்படோஸ் போற கப்பல்" என்றார். மேற்கிந்தியத் தீவு கிரிக்கெட் என்றால் இவருக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். அந்த ஊர் மைதானத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வேறு எதற்கும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தாள். மடியில் பேத்தி. "அம்மா, நீ திரும்பி வந்ததும் நேரா இங்க வந்துடு. எனக்கு லீவு முடியுது. பாப்பா ரூம்லயே உனக்கு ஒரு கட்டில் போட்டுடறேன். பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் இரு." அவளுடையது இரண்டு அறை வீடு. அப்பா எங்கே படுப்பார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நம்மவர்கள் வீட்டில் இது சகஜம்தான். பாட்டி ஒரு ஊரில் பேரனைப் பார்த்துக்கொள்வாள், தாத்தா இன்னொரு ஊரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பொங்கலுக்கு ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "உன் இஷ்டம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போ என்றால் போகலாம். போகாதே என்றால் இருக்கலாம். 'உன் இஷ்டம்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்? கப்பலிலிருந்து வந்து சொல்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். இந்தப் பயணம் முடிவதற்குள் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்க்கலாம் என்பதுதான் என் கணக்கு.

கப்பல் ஏறிய அன்றே ஒரு கூத்து. சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று இவர் பெட்டிக்குள் ஒரு குட்டி ரைஸ் குக்கரையும் பருப்புப் பொடியையும் வைத்திருந்தேன். எல்லார் பெட்டியும் வந்தது, இவர் பெட்டி மட்டும் வரவில்லை. கீழே ஒரு அறைக்கு வரச் சொன்னார்கள். சூடாகிற சாமான் எதையும் அறையில் வைக்கக் கூடாதாம். அங்கே இஸ்திரிப் பெட்டியோடு மாட்டிக்கொண்டவர்கள் ஒரு வரிசையே நின்றிருந்தார்களாம். "உன் குக்கரை அரெஸ்ட் பண்ணிட்டாங்க. கடைசி நாள்தான் ரிலீஸ்" என்று வந்து சொன்னார். நான் சிரித்தேன். அவர் சொன்னதற்கு நான் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

குக்கர் தேவைப்படவும் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கேரளத்துச் சமையல்காரர் ஒருவர் பருப்பும் சோறும் தனியாகக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்.

அறையில் இரண்டு கட்டிலைச் சேர்த்து ஒரே கட்டிலாக்கி விரிப்பு போட்டிருந்தார்கள். வேண்டுமானால் பிரித்துத் தருகிறேன் என்று அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னாள். நான் இவரைப் பார்த்தேன், இவர் கடலைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்று நானே சொன்னேன். பெண் போனதும் எந்தப் பக்கம் யார் என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம். பேரக்குழந்தை எடுத்த வயதில் இது என்ன வெட்கம் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு நான் தூங்க ஆரம்பித்தேன். மிகையாகச் சொல்லவில்லை. படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. கப்பல் லேசாக ஆடுகிறது, திரை மூடியிருக்கிறது, யாரும் மணி அடித்துக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷமாக என்னைத் தேடித் திரிந்த தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்து என் மேல் உட்கார்ந்துகொண்டது. மேலே நீச்சல் குளம், பாட்டு, கூத்து எல்லாம் நடந்தது. சாப்பாட்டுக்கு எழுவேன், தட்டைப் பார்த்துக் கொட்டாவி விடுவேன், திரும்ப வந்து விழுவேன். முதல் தீவில் இறங்கி ஒரு மணல்கரையில் உட்கார்ந்தோம். அங்கேயும் தூங்கினேன்.

பார்படோஸ் போய்ச் சேரும் அன்று காலையில் போகலாம் என்று மைதானத்துக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லி வைத்திருந்தார். முந்தின நாளே தொப்பியை எடுத்து மேசை மேல் வைத்திருந்தார். நான் காலையில் ஒரு வாய் காபி குடித்தது ஞாபகம் இருக்கிறது. குளித்துவிட்டு வாருங்கள், அதுவரை கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது கட்டில் அதிர்ந்துகொண்டிருந்தது. கப்பல் கிளம்பினால்தான் அப்படி அதிரும். பால்கனிக் கதவு வழியாகச் சாயங்கால வெயில் வந்தது, அதற்கு அப்பால் ஒரு பச்சைக் கரை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொப்பி போட்டிருந்தார். ஷூ போட்டிருந்தார். மடியில் பை.

"ஏன் எழுப்பல?" என்று கத்திவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க? நான் தூங்கினா நீங்க மட்டும் போயிட்டு வர வேண்டியதுதானே?"

"தனியா போயி என்ன பண்றது?" என்றார்.

"அதுக்காக? நாள் பூரா இப்படியேவா உக்காந்திருந்தீங்க?"

கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார். "எழுப்பலாம்னுதான் பக்கத்துல வந்தேன். வீட்டுல நீ தூங்கி நான் பாத்ததே இல்ல. எப்பவும் மூடின கதவுதான். சரி, ஒரு பத்து நிமிஷம் பாக்கலாம்னு உக்காந்தேன். அப்புறம் எழுப்ப மனசு வரல."

எழுந்து உட்கார்ந்தேன்.

"தூக்கத்துல நீ பேசுற. 'மெதுவா டார்லிங், மெதுவா எந்திரிங்க'ன்னு இங்கிலீஷ்ல சொன்ன. என்னையத்தான் சொல்றியோன்னு எந்திரிச்சு நின்னுட்டேன்."

அது நான் வயதானவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போது சொல்வது. ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். இந்த மனுஷரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பார்படோஸ் எந்தப் பக்கம் மறைந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆனாலும் நான் சிட்னிக்கு மகளிடம் போவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ பேசினோம். மகன் ஏன் போன் செய்வதில்லை, முன்னறைச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது, என் அப்பா இறந்தபோது தன்னால் ஊருக்கு வர முடியாமல் போனது தனக்கு இன்னும் உறுத்துகிறது என்று கூடச் சொன்னார். இந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. கடைசி நாள் காலையில் தட்டில் தோசை மாதிரி இருந்த ஏதோ ஒன்றை முள்கரண்டியால் கிண்டிக்கொண்டே, "நீ போறதுக்கு முன்னாடி என் பிரஷர் மாத்திரைய எங்க வாங்கறேன்னு சொல்லிட்டுப் போ" என்றார். இந்த மனுஷர் என்னைப் போகாதே என்று சொல்லவே போவதில்லை, சொல்ல வராது என்று அப்போது புரிந்தது. கோபிக்கவும் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் நேரம் தலைகீழாகக் கிடந்தது. விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டில் நாங்கள் ஒரே நேரத்தில் விழித்திருந்து, ஒரே நேரத்தில் தூக்கம் வந்து, ஒரே நேரத்தில் பசித்தது அந்த வாரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். இவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேத்திக்கு இரண்டாவது பல் வந்திருந்தது. "எப்பம்மா டிக்கெட் போடட்டும்?" என்றாள்.

"நான் வரலம்மா. வந்து வந்து போறேன், ஒரு வாரம் பத்து நாள் இருக்கேன். ஒரேயடியா வந்து இருக்க முடியாது."

அவள் முகம் மாறியது. "நீ வருவேன்னு நம்பித்தானேம்மா நான் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்? அப்பாவுக்கு என்ன? தோசை சுடத் தெரியும், மெஷின் போடத் தெரியும். அவருக்காக நீ எதுக்கும்மா அங்க உக்காந்திருக்கணும்?"

நியாயமான கேள்வி. எனக்கும் பேத்தியைத் தூக்க வேண்டும் என்று கை பரபரத்தது.

"அவருக்காக இல்லடி" என்றேன். "அவர் சமாளிச்சிடுவார். எனக்குத்தான் அவரோட இருக்கணும்னு இருக்கு. நாங்க இன்னும் சேந்து இருக்கவே ஆரம்பிக்கல."

பேத்தி அழ ஆரம்பித்தாள். "சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்று மகள் போனை அணைத்துவிட்டாள். அவள் குரலை எனக்குத் தெரியும், இனி சில வாரங்களுக்குக் கூப்பிட மாட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சமையலறைக் குழாய் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. இவர் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. எல்லாம் காதில் விழுந்திருக்கும். கையைச் சட்டையில் துடைத்தார், திரும்பத் துடைத்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். "வந்து பக்கத்துல உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். அவரும் அழுதார்.