கழுவி வைத்த கத்தி

பதுளை மேல் நீதிமன்றத்தில் மீனாம்பாள் எப்போதும் கடைசி வாங்கில் சுவரோரமாகத்தான் உட்காருவாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் அவளுக்குப் பின்வரிசைதான். முன்னால் நிற்பவர்கள் மேல்தான் கங்காணியின் வாய் முதலில் பாயும் என்பது அவள் அனுபவம்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தே அவளுக்கு வயதேறியது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை பார்த்த புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததும், அவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு மகன் தினுஷன் மலையேறினான். அந்தச் சம்பளத்தில்தான் மகள் தனுஜா பல்கலைக்கழகம் போனாள். பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கிறாள். சிங்களத்தில் நடக்கும் வழக்கை அம்மாவின் காதில் தமிழில் சொல்வதுதான் இப்போதைக்கு அவள் படிப்புக்குக் கிடைத்த வேலை.

தினுஷன் கூண்டில் நின்றான். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தகராறு. வேலை முடிந்து கையில் கத்தியோடு வந்தவன் பக்கத்து லயத்து வீட்டுக்காரரை வெட்டிவிட்டான், அவர் பிழைக்கவில்லை. வெட்டியதை அவன் மறுக்கவில்லை. ஆத்திரத்தில் வெட்டினானா, எண்ணி வெட்டினானா என்பதுதான் வழக்கு. எண்ணி வெட்டியதாகத் தீர்ந்தால் மரண தண்டனை. நாட்டில் இப்போது யாரையும் தூக்கில் போடுவதில்லை என்றாலும், வெளியே வருவதும் இல்லை.

முன் வாங்கில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். மீனாம்பாள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டு நாளாயிற்று.

வேறு வழக்குக்காகக் காத்திருந்த பதுளைக் கடைக்கார ஸஜீதா, மேலே சுற்றிய ஃபேனைக் காட்டினாள். "பாத்தீங்களா, நம்ம கேஸ் மாதிரியே. சத்தம் மட்டும்தான், காத்தே வராது."

மீனாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காக வெட்கமும் வந்தது.

அரச சட்டத்தரணி எழுந்து பேசத் தொடங்கினார். காதோரம் ஓடிக்கொண்டிருந்த தனுஜாவின் குரல் பாதியில் நின்றது.

"என்னடி நிப்பாட்டிட்ட?"

"ஒண்ணுமில்லம்மா. சட்டத்தப் பத்தி என்னமோ பேசுறாரு."

கத்திக்கும் கழுவுவதற்கும் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியப் பல்கலைக்கழகம் வேண்டாம்; லுணுகலைச் சந்தை போதும்.

"கத்தியப் பத்தித்தானே பேசுறாரு? சொல்லுடி."

தனுஜா முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "வெட்டிட்டு வந்து நிதானமா கத்தியக் கழுவி, தொடச்சு, கூரையில ஒளிச்சு வச்சிருக்கான். ஆத்திரத்துல செஞ்சவன் அப்படிச் செய்வானான்னு கேக்குறாரு."

"அவன் எங்கடி கழுவுனான்?"

"போன தவணைக்கு நீ காய்ச்சல்ல வரல. அன்னைக்கு அண்ணனே கூண்டுல நின்னு, நான்தான் கழுவுனேன்னு சொல்லிட்டான். உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டான்."

கவ்வாத்து முடிந்து வருகிறவன் கத்தியை வாசற்படியில் போடுவான். தேயிலைக் கறை காயுமுன் வீட்டுப் பெண் அதைச் சாம்பல் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, தகரக் கூரையின் இடுக்கில் செருகுவாள். தாலி ஏறிய நாளிலிருந்து மீனாம்பாளின் கை செய்துவந்த வேலை அது. வெட்டு நடந்த அன்று மழை. கத்தி படியில் கிடந்தது. மகன் பேயறைந்தவன் போல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து எடுத்தாள்.

அவள் எழுந்து நின்றது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, அவன் இல்லீங்க! நான்தாங்க கழுவுனேன்!"

மன்றம் முழுவதும் திரும்பியது. முன் வாங்கிலிருந்த அந்த மனைவியும் திரும்பினாள். "அம்மா, ஒக்காரு!" என்று கூண்டிலிருந்து மகன் கத்தினான். பொலிஸ்காரர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

சற்று நேரத்தில் தினுஷனின் சட்டத்தரணி நௌபர் வராந்தாவுக்கு விரைந்து வந்தார்.

"என்னம்மா, இத்தன காலமும் இத ஏன் சொல்லல்ல?"

"யாரும் கேக்கலீங்க சேர். கத்திய கழுவுறது ஒரு விசயம்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "வாதம் தொடங்கின பொறகு புதுச் சாட்சி கூப்பிடணும்னா நீதிபதிகிட்டக் கெஞ்சித்தான் கேக்கணும். சாட்சி வெளியதான் நிக்கணும், நீங்க உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டும் இருக்கீங்க. விடுவாங்களோ என்னமோ. விட்டாலும், அரச தரப்பு ஒரு கேள்வி கேக்கும். கழுவுறப்போ தண்ணி என்ன நெறத்துல இருந்துச்சுன்னு. ரத்தம்னு தெரிஞ்சே கழுவுனீங்கன்னா நீங்களும் மாட்டுவீங்க."

தனுஜா முந்திக்கொண்டாள். "மழை இருட்டு, தெரியலன்னு சொல்லும்மா. தேயிலக் கறைன்னு நெனச்சேன்னு சொல்லு." சொல்லி முடித்ததும் அவள் தலை தானாகக் கவிழ்ந்தது.

மீனாம்பாள் தன் கைகளைப் பார்த்தாள். விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது.

"தெரியுமேடி. செவப்பாத்தான் இருந்துச்சு. பாத்தேன். கழுவுன கை நிக்கல."



"அவ உள்ளதான் இருப்பாளா, சேர்? செத்தவரு சம்சாரம்?"

"இருப்பாங்க."

"நீதிபதிகிட்டக் கேளுங்க சேர். நான் கூண்டுல ஏறுறேன். அவளும் கேக்கட்டும்."