மேய்ப்பனின் கம்பளி

கிரேஸ் டீச்சர், நீங்கள் என்னை ஏமாற்றினீர்கள்.

நேற்று சர்ச்சில் நட்சத்திரம் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசையின் வாசனை பட்டதும், முத்தாபுதுப்பேட்டையில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் எண்பதுகளில் இருந்த நம் ஐந்தாம் வகுப்பும், அதன் தகரக் கூரைச் சூடும், பிள்ளைகள் ஒரே ராகத்தில் வேத வசனத்தை இழுக்கும் சத்தமும் நினைவுக்கு வந்தன. எல்லா வசனத்தையும் தடுமாறாமல் ஒப்பிப்பவருக்குத்தான் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர் வேஷம் என்பது பள்ளியின் வழக்கம். நான்தான் ஒப்பித்தேன். கடவுள் எல்லோரையும் தன் சாயலில் படைத்தார் என்று பாடம் நடத்திய நீங்கள், ஜிகினா இறக்கையைச் சிவப்பாக இருந்த ஷீலாவுக்குக் கட்டினீர்கள்.

"வெள்ளை உடுப்பு உனக்கு எடுக்காதுடி, மேய்ப்பனா நில்லு" என்று எனக்குக் கம்பளியைப் போர்த்தினீர்கள்.

மேய்ப்பனுக்குப் பேச ஒரு வரி கிடையாது. ஆனால் மேடையில் ஷீலா திணறியபோது, திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கிள்ளி, அவளுக்கு வரியை எடுத்துக்கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

"இன்னாடி, தேவதூதன் கம்பளிக்குள்ளேர்ந்து பேசிகினு கீறான்?" என்று பக்கத்தில் நின்ற செல்வி சிரித்தாள்.

வரும் ஞாயிறு பழைய மாணவர்கள் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நானும் வருகிறேன். அந்தச் சாயல் பாடம் எனக்கும் சேர்த்துத்தானா என்று எல்லோர் முன்னாலும் மைக்கில் சொல்லுங்கள்.